படகின் உறுமலைப் பதிவது எப்படி?

கேள்வி: சோதனை ஒலிக்கலைஞர்களுக்கான ரெசிடென்சி (ஓரிடத்தில் தங்கிப் படைக்கும் வாய்ப்பு) ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினைப் பதிந்தால் காற்றின் 'புர்ர்' சத்தம்தான் கேட்கிறது. அதிர்வைப் பிடிக்க படகில் ஒட்டிய பியசோ மைக்கோ தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், ராயபுரம்

பதில்: கடற்காற்றுக்கு ஸ்பாஞ்சு உறை போதாது, ரோமம் வைத்த உறை வேண்டும். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் 'லோ-கட்' வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் காற்று குறையும். ஆனால் டீசல் இன்ஜினின் உறுமலும் கூடவே போய்விடும். உறுமல்தான் வேண்டுமென்றால் லோ-கட்டைத் தொடாமல் கேபின் மறைவில் நின்று பதியுங்கள். ரெக்கார்டர் மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். காற்றடித்து கிளிப் ஆனதை (அளவு மீறிச் சிதைந்ததை) எந்த மென்பொருளும் முழுசாக மீட்காது.

பியசோவை ஒட்டியதில் தப்பில்லை. சாதாரண மைக் இன்புட்டில் சொருகினால் அதன் அடித்தொனி செத்துவிடும். 1 மெகாஓம் மின்தடை உள்ள கிட்டார் இன்புட்டோ, இடையில் சொருகும் சின்ன பஃபர் ப்ரீஆம்போ (முன்பெருக்கி) தேவை. உலோக உறையுள்ள ஷீல்டு ஒயர் போடுங்கள், இல்லையென்றால் இரைச்சல். பியசோவின் நடுவிலுள்ள வெள்ளை வட்டத்தில் சால்டரிங் அயர்னை இரண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள், சூட்டில் பீங்கான் வீணாகும். உப்புத்தண்ணீர் படாமலிருக்க மேலே அரால்டைட் பூசுங்கள்.

அனுப்பும்போது சிறந்த பகுதி முதல் நிமிடத்திலேயே வரட்டும். நடுவர்கள் பத்தாவது நிமிடம்வரை பொறுமையாகக் கேட்பார்கள் என்று நம்பாதீர்கள்.