தண்ணீர் மறைக்காத கதிர்: வாசகர் கேள்விகள்

போன தடவை மென் எக்ஸ் கதிர் நுணுக்குக்காட்டியைப் பற்றி, அதாவது சக்தி குறைந்த எக்ஸ் கதிரால் உயிர்க்கலத்தையும் காந்தத்தையும் பெரிதாக்கிக் காட்டும் கருவியைப் பற்றி, ஒரே வரியில் சொல்லிவிட்டு ஓடியது என் பிழை. இம்முறை வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் இதுவும் ஒன்றா? 'மென்' என்றால் ஆபத்தில்லையா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

குடும்பம் ஒன்று, குணம் வேறு. ஆஸ்பத்திரிக் கதிரின் சக்தி பல்லாயிரம் இலத்திரன் வோல்ற்று. இதற்கு சில நூறுதான். ஒரு விரற்கடைக் காற்றே இதை விழுங்கிவிடும் என்பதால், கருவிக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டே வேலை செய்வார்கள். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஊடுருவாத கதிர் பட்ட இடத்திலேயே தன் சக்தி முழுவதையும் கொட்டும். படம் எடுக்கப்படும் கலம் உயிரோடு தப்பாது.

ஒளி நுணுக்குக்காட்டி, இலத்திரன் நுணுக்குக்காட்டி இரண்டும் இருக்க மூன்றாவது எதற்கு? (உயர்தர மாணவன், பம்பலப்பிட்டி)

நல்ல கேள்வி, தம்பி. சாதாரண ஒளியில் சுமார் 200 நனோமீற்றருக்குக் கீழே எல்லாம் மங்கல். இலத்திரன் அதைவிட எவ்வளவோ நுட்பமாகக் காட்டும், ஆனால் தடிப்பான பொருளுக்குள் போகாது. கலத்தை மெல்லிய சீவலாக வெட்ட வேண்டும். மென் கதிர் பத்து மைக்ரோமீற்றர் தடிப்பையும் கடக்கும். ஆகவே முழுக் கலத்தை வெட்டாமல், சுழற்றிச் சுழற்றிப் படமெடுத்து முப்பரிமாணமாக்கலாம்.

சூட்சுமம் 'நீர்ச் சாளரம்' என்ற இடைவெளியில் இருக்கிறது. காபன் 284 இலத்திரன் வோல்ற்றுக்கு மேலே கதிரைப் பலமாக உறிஞ்சத் தொடங்கும், ஒட்சிசன் 543இல்தான். இரண்டுக்கும் நடுவே கதிரை வைத்தால் தண்ணீர் வழிவிடும், காபன் நிறைந்த புரதமும் கொழுப்பும் மறிக்கும். பால் விட்ட சொதி திடீரென்று ரசம்போலத் தெளிந்து, அடியில் கிடக்கும் வெந்தயம் தெரிகிற மாதிரி. சாயமே தேவையில்லை.

ஒரு சிக்கல்: கதிர் சிதைக்காமல் இருக்க, கலத்தை நொடிக்குள் உறைய வைத்து அதே குளிரில் வைத்திருக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது, உறைந்த கலம் ஏற்றிய மூன்று மில்லிமீற்றர் வலைத்தட்டு ஒன்றை இடுக்கியால் மாற்றும்போது என் மூச்சுக்காற்று பட்டது. திரையில் பார்த்தால் கலத்தைக் காணவில்லை, வெறும் பனிப்படிகங்கள். எட்டு மணி நேர இரவு முறை அதோடு போச்சு.

கண்ணாடி வில்லையால் இந்தக் கதிரைக் குவிக்க முடியுமா?

முடியாது. கண்ணாடி இதை வளைக்காது, விழுங்கிவிடும். பதிலாக ஒன்றுக்குள் ஒன்றாக நூற்றுக்கணக்கான உலோக வளையங்கள் கொண்ட தட்டு வேண்டும். வெளிவளையம் எவ்வளவு மெல்லியதோ, படம் அவ்வளவு கூர்மை. 2005இல் அமெரிக்காவின் பெர்க்லியில் 15 நனோமீற்றர் நுட்பத்தை எட்டினார்கள். சில தட்டுகளின் முழு அகலமே ஒரு தலைமுடியின் தடிப்புத்தான்.

காந்தத்தையும் இதே கருவி பார்க்கும் என்றீர்களே. பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து படங்களை மீட்கலாமா? (கணினி திருத்துபவர், புறக்கோட்டை)

உங்கள் வாடிக்கையாளருக்கு ஆசை காட்ட வேண்டாம். கதிர் பொருளை ஊடுருவி வெளியே வந்தால்தான் படம். டிஸ்கின் தட்டு அதற்கு மிகவும் தடிப்பு. ஆய்வுக்கென்றே காந்தப் படலத்தைச் சவ்வு போன்ற சிலிக்கன் நைத்திரைட்டின்மேல் பூசி எடுப்பார்கள்.

பார்ப்பது இப்படி: இரும்புக்கு 707, கோபால்ற்றுக்கு 778 இலத்திரன் வோல்ற்று என்று கதிரைச் சுருதி சேர்த்து, இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அனுப்புவார்கள். காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கேற்ப உறிஞ்சும் அளவு மாறும். ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்தால் குட்டிக் காந்தப் பிரதேசங்கள் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இந்த வேறுபாட்டை 1987இல் இரும்பில் அளந்து காட்டியது ஜெர்மனியின் கிசெலா ஷூட்ஸ் குழு. அவர்கள் பயன்படுத்தியது வலிய கதிர். மென் கதிரில் விளைவு பல மடங்கு பெரிது. எனக்குப் பிடித்தது இதுதான்: கதிரின் சக்தியை மாற்றினால் அதே படலத்தில் இரும்பு வேறு, கோபால்ற்று வேறாகப் பார்க்கலாம்.

முப்பது வருடம் மலேரியா சிலைட் பார்த்தவன் நான். இது வந்தால் அந்த வேலை போய்விடுமா? (ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர், கொட்டாஞ்சேனை)

போகாது ஐயா. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்ததில், உங்களைப் போன்றவர்களின் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. சொட்டு இரத்தமும் கீம்சா சாயமும் போதுமான வேலைக்கு இந்த யானை எதற்கு? ஆனால் ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்துக்குள் ஈமோகுளோபினைத் தின்று, மிச்சமான இரும்பைப் படிகமாகக் கட்டி வைப்பதை, கலத்தை வெட்டாமலே இதில் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் கபில நிறப் புள்ளியாகக் கண்டது அதுதான்.

கொழும்பில் எங்கே பார்க்கலாம்?

இங்கே இல்லை. பெரும்பாலும் சின்குரோட்ரன் வளையம் வேண்டும்; இலத்திரன்களை அதிவேகமாகச் சுற்றவிட்டு இந்தக் கதிரை உண்டாக்கும் பெரிய இயந்திரம் அது. பார்சலோனாவின் அல்பா வளையத்தின் சுற்றளவே சுமார் 270 மீற்றர். பெர்லின், பெர்க்லி, இங்கிலாந்தின் டயமண்ட் ஆகிய இடங்களிலும் இந்த நுணுக்குக்காட்டி உண்டு. ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்பி, தேர்வானால் நேரம் தருவார்கள்; முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடுபவர்களிடம் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. விசாவும் விமான டிக்கெட்டும் உங்கள் பாடு.