பக்கம் கட்டுவது பற்றிக் கேளுங்கள்: மேலும் கீழும் சமமாக நிற்கும் பக்கங்கள்

டெக், லேடெக், இன்டிசைன், வேர்ட் என எதில் பக்கம் கட்டினாலும் கேட்கலாம். எந்த எழுத்துரு அழகு என்ற கேள்வி மட்டும் இங்கே வேண்டாம். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: உரை முழுதாகத் திருத்தி முடியும் வரை பக்க முறிவில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: லேடெக்கில் 'புக்' வகுப்பில் ஒரு நூல் செய்கிறேன். எழுத்து 10 பாயிண்ட், உரைப் பகுதியின் உயரம் 20 செ.மீ. பக்கத்துக்குப் பக்கம் 'அண்டர்ஃபுல் விபாக்ஸ்' (பக்கம் சரியாக நிரம்பவில்லை) என்ற எச்சரிக்கை வருகிறது. பல இடங்களில் பேட்னஸ் (இடைவெளி எவ்வளவு மோசமாக நீண்டது என்பதற்கான மதிப்பெண்) 10000. பத்திகளுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இருக்கிறது.

பதில்: அந்த 20 செ.மீ.தான் காரணம். டெக் கணக்கில் அது 569 பாயிண்ட். முதல் வரிக்கு 10 பாயிண்ட், அதன் பிறகு வரிக்கு 12. இப்படி 47 வரிகள் வைத்தால் 562 ஆகிறது. மிச்சம் 7 பாயிண்ட். இன்னொரு வரிக்கு அது போதாது, சும்மா விடவும் முடியாது. ஏனென்றால் புக் வகுப்பில் இருபக்க அச்சு இயல்பாக அமைந்திருக்கும். அதோடு 'ஃப்ளஷ்பாட்டம்', அதாவது எல்லாப் பக்கத்தின் அடியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தே வரும்.

அந்த 7 பாயிண்டை எங்கே போடுவது? வெறும் பத்திகள் உள்ள பக்கத்தில் பத்திகளுக்கு நடுவே மட்டும்தான் நீளும் இடம் இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு 1 பாயிண்ட். பக்கத்தில் ஏழு பத்தி இடைவெளி இருந்தால் ஒவ்வொன்றும் தன் பங்கை நீட்டிக்கொடுக்கும், பேட்னஸ் 100. ஒரே ஒரு இடைவெளி இருந்தால் அது ஏழு மடங்கு நீள வேண்டும். பேட்னஸ் என்பது அந்த மடங்கின் கனத்தை (7 × 7 × 7) நூறால் பெருக்கியது: 343 × 100 = 34,300. டெக் 10,000-க்கு மேல் எண்ணுவதில்லை, அதனால் 10000 என்று அறிவித்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் எச்சரிக்கை அதுதான்.

உயரத்தைச் சென்டிமீட்டரில் கொடுக்காமல் வரியில் கொடுங்கள்: 10 + 46 × 12 = 562 பாயிண்ட். எச்சரிக்கைகளில் பெரும்பகுதி அதோடு போய்விடும். மிச்சம் இருப்பவை தலைப்பும் படமும் உள்ள பக்கங்களாக இருக்கும்; அவற்றை உரை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வேர்டில் சில பக்கங்கள் ஒரு வரி முன்னதாகவே முடிந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: 'விடோ/ஆர்ஃபன் கன்ட்ரோல்' வேலை செய்கிறது. பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத் தலையில் தனித்து நிற்காதபடி (அந்த வரிதான் விடோ), அதற்கு முந்தைய வரியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. அடி சமமாக வேண்டுமானால் பேஜ் செட்அப்பில் மேல்-கீழ் சமனை 'ஜஸ்டிஃபைடு' ஆக்கலாம். முழுப் பக்கங்களை மட்டும் நீட்டும், குறைப் பக்கத்தைத் தொடாது. ஆனால் பத்தி இடைவெளிகள் பக்கத்துக்குப் பக்கம் மாறும். அலுவலக அறிக்கைக்கு அடி ஏற்ற இறக்கமாக இருந்தால் ஒன்றும் குறையில்லை, அப்படியே விடுங்கள்.

கேள்வி: இன்டிசைனில் 'வெர்டிகல் ஜஸ்டிஃபிகேஷன்' போட்டால் பக்கம் அழகாக நிரம்பிவிடுகிறது. குறையும் ஒரு வரியை எல்லா வரிகளுக்கும் நடுவே பிரித்துக் கொடுத்துவிடலாமே? இதற்கு ஏன் இத்தனை சிரமம்?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டியில் 'பாராகிராஃப் ஸ்பேசிங் லிமிட்' என்று ஒன்று இருக்கிறது. இயல்பாக அது பூஜ்யம். பூஜ்யமாக இருந்தால் பத்தி இடைவெளியைத் தொடாமல் நேராக வரி இடைவெளியை நீட்டும். அந்த எண்ணை உயர்த்துங்கள். முதலில் பத்திகளுக்கு நடுவே நீளட்டும், வரி இடைவெளி மாறவே கூடாது.

கேள்வி (அதே நண்பர்): 38 வரிப் பக்கத்தில் ஒரு வரி குறைந்தால் 12 பாயிண்ட். 37 வரிகளுக்கு நடுவே 36 இடைவெளி. ஆளுக்கு 0.33 பாயிண்ட்தான் வருகிறது. எந்த வாசகர் கண்ணுக்கு அது தெரியும்?

பதில்: ஒற்றைப் பக்கத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தை விரித்தால் எதிரே ஒரு பக்கம் இருக்கிறதே. உங்கள் கணக்கையே தொடர்வோம். பக்கத்தின் நடுவில், 19-ஆவது வரிக்கு வரும்போது 18 இடைவெளி கடந்திருக்கும், 0.33 வீதம் 6 பாயிண்ட். அதாவது சரியாக அரை வரி. இடப்பக்கத்து வரி வலப்பக்கத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தலையும் அடியும் ஒத்துப்போக, நடுவில் மட்டும் விலகும். என்ன தவறு என்று வாசகருக்குச் சொல்லத் தெரியாது. விரிப்பு முழுவதும் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

தாளின் பின்பக்கமும் இருக்கிறது. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும். இரு பக்கத்து வரிகளும் ஒரே மட்டத்தில் நின்றால் அந்த நிழல் முன்பக்க எழுத்துக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடும். அரை வரி நகர்ந்தால் ஒவ்வொரு வரிக்கும் இடையில் சாம்பல் பட்டையாக விழும். நல்ல பேஸ்லைன் கிரிட் (எல்லாப் பக்கத்து வரிகளும் உட்காரும் ஒரே கோட்டு வரிசை) போட்ட நூலையும் போடாத நூலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி (வேறொருவர்): நானும் அவர் கட்சிதான். செய்தித்தாள் பத்திகளில் இப்படி நீட்டுவது வழக்கம்தானே?

பதில்: செய்தித்தாளில் செய்யலாம். அங்கே ஒவ்வொரு செய்தியும் தனிப் பெட்டி. பக்கத்துப் பத்தியின் வரியோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் குறைவு, ஒருநாள் வாசிப்பு வேறு. விளம்பரம், துண்டறிக்கை எல்லாவற்றுக்கும் அதே நியாயம் பொருந்தும். 300 பக்கம் தொடர்ந்து ஓடும் உரைக்கு அது பொருந்தாது.

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் விடோ வரியை விட்டுவிடச் சொல்கிறீர்களா? அதைவிட அசிங்கம் உண்டா? நான் லேடெக்கில் விடோ பெனால்ட்டி, கிளப் பெனால்ட்டி (பத்தியின் முதல் வரி பக்க அடியில் தனித்து நிற்பதற்கானது) இரண்டையும் 10000 வைத்துவிட்டேன். இனி ஒன்றுகூட வராது.

பதில்: வராது. அதற்குப் பதில் பக்கங்கள் கிழிந்து தொங்கும். 10000 என்றால் டெக் அகராதியில் முழுத் தடை. லேடெக்கின் இயல்பு மதிப்பு 150. அது 'முடிந்தால் தவிர்' என்று சொல்வது. இரண்டு வாசலையும் அடைத்துவிட்டால் பாவம் அது எங்கே போகும்?

என் வரிசை இது. வரி இடைவெளி மாறக் கூடாது. எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். அதற்கு அடுத்ததுதான் விடோ. பத்தியின் முதல் வரி பக்கத்தின் அடியில் தனித்து நிற்பதை நான் பெரிய குற்றமாக நினைப்பதே இல்லை. வாசகர் பக்கத்தைப் புரட்டித் தொடரப் போகிறார், அவ்வளவுதான். பக்கத் தலையில் ஒரே ஒரு சொல்லோடு நிற்கும் அரை வரிதான் உண்மையில் உறுத்தும்.

அதைத் தீர்க்க இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, அந்தப் பக்கத்திலோ முந்தைய பக்கத்திலோ ஒரு நீண்ட பத்தியைப் பிடித்து ஒரு வரி சுருக்குவது. டெக்கில் 'லூஸ்னஸ்' மதிப்பை −1 ஆக்கினால், முடியுமானால் அந்தப் பத்தியை ஒரு வரி குறைத்துத் தரும். கடைசி வரியில் ஓரிரு சொற்கள் மட்டும் உள்ள பத்தியாகத் தேர்ந்தெடுங்கள், அது எளிதில் மசியும். இரண்டாவது வழி, விரிப்பின் இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரு வரி நீட்டுவது அல்லது குறைப்பது. 'என்லார்ஜ்திஸ்பேஜ்' கட்டளைக்கு ஒரு வரி உயரம் கொடுங்கள், எதிர்ப்பக்கத்துக்கும் அதையே கொடுங்கள். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் கண்ணுக்குப் புலப்படாது.

இதெல்லாம் உரை முடிந்த பிறகுதான். முன்கூட்டியே செய்தால், யாரோ இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் சேர்ப்பார், நீங்கள் போட்ட அத்தனை கட்டளையும் தவறான பக்கத்தில் போய் உட்காரும்.

கேள்வி: பத்தியை வரியாக உடைப்பதில் டெக் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. பக்கம் உடைப்பதில் மட்டும் ஏன் இப்படி?

பதில்: நல்ல கேள்வி, இதற்காகவே காத்திருந்தேன். டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட வரி உடைப்பு முறை பத்தி முழுவதையும் ஒருசேரப் பார்க்கிறது. கடைசி வரி நன்றாக வருவதற்காக முதல் வரியைச் சற்றுத் தளர்த்தும். பக்கத்துக்கு அந்தப் பார்வை இல்லை. ஒரு பக்கம் நிரம்பியதும் அதற்குச் சிறந்த முறிவைத் தேர்ந்து, வெளியே அனுப்பிவிட்டு மறந்துவிடும். அடுத்த பக்கம் என்ன பாடுபடப் போகிறது என்று யோசிப்பதில்லை. அன்றைய கணினிகளின் நினைவகத்தில் பல பக்கங்களை ஒன்றாக வைத்திருக்க இடமில்லை என்பதே காரணம்.

பிளாஸ் அதே 1981-இல் தன் ஆய்வேட்டில் பக்கங்களை ஒட்டுமொத்தமாகப் பிரிக்கும் சிக்கலை எடுத்துக்கொண்டார். படங்கள் தம்மைக் குறிப்பிடும் இடத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கு என்ன அளவுகோல் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அது விரைவாகத் தீர்க்கத் தெரிந்த வழியே இல்லாத 'என்.பி. முழுமை' வகையில்கூட விழுந்துவிடும் என்று காட்டினார். ஆகவே நினைவகம் பெருகியதால் மட்டும் இது தீர்ந்துவிடாது. ஃபிராங்க் மிட்டல்பாக் 2016-இல் டெக்கின் ஒரு வடிவமான லுவாடெக்கை வைத்து ஒட்டுமொத்தப் பக்கப் பிரிப்புக்கு ஒரு சட்டகம் அமைத்தார். பத்திகளை ஒரு வரி கூட்டியும் குறைத்தும் பார்ப்பது, விரிப்பை ஒரு வரி நீட்டுவது என்று மேலே நான் கையால் செய்யச் சொன்னவற்றையே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: சார், லேடெக்கில் என் படங்கள் எல்லாம் அத்தியாயத்தின் கடைசிக்கு ஓடிவிடுகின்றன.

பதில்: பக்கத்தின் மேல்பகுதியில் படங்கள் 70 சதவீதம் வரைதான் இடம்பிடிக்கலாம் என்பது இயல்பு விதி. அதைவிட உயரமான ஒரு படம் இடம் கிடைக்காமல் காத்து நிற்கும். படங்கள் வரிசை மாறக் கூடாது என்பதால் பின்னால் வருபவை எல்லாம் அதன் பின்னே நிற்கும். அந்த முதல் படத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது தனிப் பக்கத்துக்கு அனுப்ப அனுமதி கொடுங்கள்.

கேள்வி: என் அட்டவணைகளும் கடைசிக்கு ஓடுகின்றன. 'இங்கேயே வை' என்று கட்டாயப்படுத்தலாமா?

பதில்: காரணம் மேலே சொன்னதுதான். கட்டாயப்படுத்தினால் முந்தைய பக்கத்தின் அடியில் ஓட்டை விழும்.

கேள்வி: தமிழ் உரையில் சில வரிகளுக்கு நடுவே மட்டும் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக வருகிறது. டெக்கிலும் வேர்டிலும் இதே கதை.

பதில்: இதை அனைவரும் கவனிக்க வேண்டும். தமிழில் மேலே இகர ஈகாரச் சுழிகள், கீழே உகர ஊகாரக் கால்கள். ஒரு வரியில் 'கூ' தொங்கி, அடுத்த வரியில் நேர் கீழே இல்லாவிட்டாலும் எங்கேயோ ஒரு 'தீ' எழும்பி நின்றால், டெக் அந்த இரண்டு வரிகளின் மொத்த ஆழத்தையும் உயரத்தையும் பார்க்கும். முட்டுகிறது என்று தெரிந்தால் வழக்கமான தூரத்தை விட்டுவிட்டு நடுவே 1 பாயிண்ட் செருகும். அத்தோடு அந்தப் பக்கம் கிரிட்டை விட்டு விலகிவிடும். வரி இடைவெளியைத் தாராளமாக்குங்கள், ஆங்கிலத்துக்குப் போதும் அளவு தமிழுக்குப் போதாது. வேர்டில் காரணம் வேறு: வரி இடைவெளி 'சிங்கிள்' என்றால் எழுத்துரு சொல்லும் உயரத்தையே எடுத்துக்கொள்ளும், நடுவில் வேறு எழுத்துருச் சொல் வந்தால் அந்த வரி மட்டும் வளரும். 'எக்ஸாக்ட்லி' என்று மாற்றிப் பாயிண்ட் அளவைக் கொடுங்கள்.

கேள்வி: மின்நூலில் பக்க அடியைச் சமமாக்குவது எப்படி?

பதில்: எழுத்தளவை மாற்றினால் ஓடும் உரைக்கு நிலையான பக்கமே கிடையாது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: கவிதைத் தொகுப்பு. 'அண்டர்ஃபுல் விபாக்ஸ்' நிறைய வருகிறது.

பதில்: கவிதையில் பத்திக்குப் பத்தி உள்ள வெள்ளை கவிஞர் வைத்தது. அதை நீட்டும் உரிமை மென்பொருளுக்கு இல்லை. பக்க அடி ஏற்ற இறக்கமாக நிற்க விடும் 'ரேகட்பாட்டம்' போடுங்கள், எச்சரிக்கை நின்றுவிடும்.

கேள்வி: என் கட்டுரைத் தொகுப்பிலும் 'அண்டர்ஃபுல்' வருகிறது. உயரம் 19 செ.மீ.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். சென்டிமீட்டர்.

கேள்வி (வரி இடைவெளி நண்பர்): இரண்டு வரைவுகளையும் அச்செடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் பட்டை தெரிகிறது. ஆனாலும் தலைப்புகள் அதிகமுள்ள பக்கங்களை எப்படி ஒத்துப்போக வைப்பது? தலைப்பு 14 பாயிண்ட்.

பதில்: தலைப்பையும் அதன் மேல், கீழ் வெள்ளையையும் சேர்த்து வரியின் முழு மடங்காக்குங்கள். தலைப்பு ஒரே வரியானால் அதற்கு 14, மேலே 15, கீழே 7. மொத்தம் 36, மூன்று வரி. தலைப்பு இரண்டு வரியாக மடிந்தால் 28. மேலே 13, கீழே 7 வைத்தால் 48, நான்கு வரி. இப்படிச் செய்தால் தலைப்புக்குக் கீழே உரை மீண்டும் கிரிட்டில் வந்து உட்காரும், நீட்ட வேண்டிய மிச்சமே இருக்காது.

கேள்வி: அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி நிற்கிறது. பரவாயில்லையா?

பதில்: குறைந்தது ஐந்து வரியாவது இருக்கட்டும். அத்தியாயத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, எளிதில் மசியும் இரண்டு பத்திகளைத் தேடி ஒவ்வொரு வரி சுருக்குங்கள்; அந்த இரண்டு வரியும் முந்தைய பக்கத்துக்கு ஏறிவிடும். அப்படிப்பட்ட பத்தி கிடைக்காவிட்டால் மூன்று பத்திகளை ஒவ்வொரு வரி நீட்டுங்கள். உரை முடிந்துவிட்டதுதானே?