உலகின் வடகோடியில் இருக்கும் நிலம் எது? அதற்குக் ‘காபி கிளப்’ என்று பெயர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கிரீன்லாந்தின் வடக்குக் கரையை ஒட்டியுள்ள காஃபெகுளுப்பன் தீவு அது. டேனிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளே காபி கிளப். நம் ஊரில் தாத்தா காலத்து ஹோட்டல்களுக்கு இருந்த அதே பெயர்! ஆனால் அங்கே காபியும் இல்லை, குடிக்க ஆளும் இல்லை. சுமார் 700 மீட்டர் நீளத்துக்குச் சரளைக்கல், கொஞ்சம் பாசி, ஊதா நிறத்தில் பூக்கும் சிறு செடி. அவ்வளவுதான்.

1900-ல் அமெரிக்கர் ராபர்ட் பியரியின் கண்ணில் அது பட்டது. 1921-ல் டேனிஷ் நிலவியலாளர் லாவ்கெ கோக் கால் வைத்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கனிமவியல் அருங்காட்சியகத்தில் இருந்த காபி கிளப்பின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். அருகில் கிரீன்லாந்து பெருநிலத்தின் வடகோடியாக இருக்கும் மாரிஸ் ஜெசப் முனைக்குப் பியரி வைத்தது, தன் பயணங்களுக்குப் பணம் கொடுத்த வள்ளலின் பெயர். எனக்கென்னவோ காபி குடித்த கூட்டம்தான் பிடித்திருக்கிறது. அந்த முனையைவிடத் தீவு 750 மீட்டர் வடக்கே இருக்கிறது என்பது 1969-ல்தான் தெரியவந்தது.

சரி, இதற்கும் வடக்கே தீவுகள் உண்டு என்று சிலர் சொல்வார்கள். 1978-ல் ஊடாக் என்ற ஒரு திட்டு தென்பட்டது. 1909-ல் வட துருவப் பயணத்தில் பியரியுடன் போன இன்யூவிட் (ஆர்க்டிக் பழங்குடி) துணைவரின் பெயர் அது. 2021-ல் அந்த ஊடாக்கில் இறங்குவதாக நினைத்து ஆய்வாளர்கள் சிலர் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கினார்கள். இடத்தைச் சரிபார்த்தால், அதற்கும் சுமார் 800 மீட்டர் வடக்கே நின்றிருக்கிறார்கள்! ‘கெகெர்டாக் அவன்னார்லெக்’, அதாவது வடகோடித் தீவு என்று பெயர் வைக்கலாம் என்றார்கள். நானும் செய்தி படித்த அன்றே பையனுடைய அட்லஸில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அடுத்த வருஷமே அழிக்க வேண்டியதாயிற்று. 2022-ல் போய்க் கடலின் ஆழத்தை அளந்தபோது, அது தீவே இல்லை, தரைதட்டி நிற்கும் தட்டையான பனிப்பாறை என்று தெரிந்தது. பனியாறு வரும் வழியில் சுமந்த மண்ணும் கல்லும் மேலே கிடப்பதால் பார்க்க நிலம் போலவே இருக்கும். ஊடாக்கும் அதே வகைதான் என்கிறார்கள். பனி கரைந்தாலோ நகர்ந்தாலோ ‘தீவு’ காணாமல் போய்விடும்.

ஆகவே இன்றைய தேதியில் காபி கிளப்தான்.