தலையில் ஆறாத புண்: எப்போது சந்தேகிக்க வேண்டும்?

“அப்பாவின் வழுக்கைத் தலையில் ஒரு பொருக்கு வந்து வந்து போகிறது. தோல் புற்றுநோயா என்று ஆரம்பத்திலேயே எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவன் அல்ல. கொழிஞ்சாம்பாறையில் முடிதிருத்தகம் நடத்துகிறேன். தன் உச்சந்தலையை யாரும் பார்ப்பதில்லை. நான் தினமும் பார்க்கிறேன். கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் பொடுகு, மரு, கொழுப்புக்கட்டிதான். அதனால் பதற வேண்டாம்.

நான் கத்தரியைக் கீழே வைப்பது ஆறாத புண்ணுக்குத்தான். பொருக்குத் தட்டும், சீப்புப் பட்டால் உதிரும், அடியில் பொட்டு ரத்தம் கசியும், அடுத்த முறை முடிவெட்ட வரும்போது அதே இடத்தில் மறுபடியும் பொருக்கு இருக்கும். சாதாரணக் கீறல் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஒரு மாதம் தாண்டினால் தோல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ‘வந்து வந்து போகிறது’ என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

வெயிலில் காய்ந்த வழுக்கையில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான திட்டு இருந்தால் அதையும் காட்டுங்கள். அது புற்றுநோய் அல்ல, ஆனால் சில அப்படி மாறக்கூடும். நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவு. வந்தால் பல சமயம் பளபளப்பான கறுத்த மேடாக வந்து மச்சம் என்று ஏமாற்றும். ஓரம் கோணலாகி, நிறம் பலவாகி, 6 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகும் மச்சத்தை விடக்கூடாது. பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் வந்தாலும் காட்டாமல் விடக்கூடாது.

பழனியில் மொட்டை போட்டு வந்த வாரம்தான் பார்க்க நல்ல சமயம். நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, காதுக்குப் பின்புறமும் பிடரியும் சேர்த்துத் தடவிப் பாருங்கள். நெறி கட்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு, மஞ்சள், மெடிக்கலில் கேட்டு வாங்கும் களிம்பு எதுவும் வேண்டாம். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று எங்கள் திண்ணையிலும் சொல்வார்கள்; வெறும் பேச்சு. மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஆரம்பத்தில் பிடிபட்டால் அந்த இடத்தை வெட்டியெடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பாலக்காடோ கோயம்புத்தூரோ, எது வசதியோ அங்கே போங்கள். தேதி கிடைக்கத் தாமதமானால், புண்ணருகே ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். வளர்கிறதா என்று மருத்துவர் கேட்பார்.