மேட்டூர் தேதிய விடுங்க, நவம்பர் மழைய வெச்சு கணக்கு போடுங்க

தலைஞாயிறு பக்கம் கடைமடை (வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற பகுதி) விவசாயி ஒருத்தர் கேட்டிருக்கார்: "மேட்டூர் தொறந்தும் எங்க வாய்க்காலுக்கு தண்ணி வர நாளாவுது, நாத்து விட்டு நட்டு முடிக்கறதுக்குள்ள மழ வந்து பயிர் மூழ்கிடுது, என்னங்க பண்றது?"

ஐயா, மேட்டூர் அணைய வழக்கமா தொறக்கற ஜூன் 12ங்கிற தேதிய நம்பி இனிமே சம்பா போடாதீங்க. 2022ல மே 24லயே தொறந்தாங்க, 2023ல ஜூன் 12ல தொறந்து தண்ணி பத்தாம அக்டோபர்லயே மூடிட்டாங்க, 2024ல தொறக்கவே ஜூலை 28 ஆயிடுச்சு. கர்நாடகாவுல மழ பெஞ்சாத்தான் நமக்குன்னு இருக்கறப்போ, கல்லணைல பிரிஞ்சு வெண்ணாறு வழியா உங்க மதகுக்கு வந்து சேர்ற தண்ணிக்கு யாரு உத்தரவாதம் குடுக்கறது?

அதனால நாத்தங்கால விட்டுட்டு ஆகஸ்ட் கடைசிக்குள்ள புழுதில நேரடி விதைப்பு பண்ணிடுங்க. கெடைக்கற மழைக்கு மொளச்சுக்கும், நவம்பர் நடுவுல பெருமழ வர்றப்போ பயிருக்கு எழுபது நாளுக்கு மேல ஆயிருக்கும், தாக்குப்பிடிக்கும். தள்ளிப்போட்டு நட்டா இன்னொரு ஆபத்தும் இருக்கு, வழக்கமா ஜனவரி 28ல மேட்டூர மூடிடுவாங்க, அப்போ உங்க பயிர் பூத்துக்கிட்டு நிக்கும்.

ரகத்துக்கு சிஆர் 1009 சப்1 பாருங்க, 155 நாள் பக்கம் வரும், முழுசா மூழ்கினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும். ஆனா ஒண்ணு, இந்த தாங்குற சக்தி வளர்ற பயிருக்குத்தான், மொளைக்கறப்போ தண்ணி நின்னா இந்த வெதையும் அழுகத்தான் செய்யும், அதனால வயல மட்டம் பண்ணி ஓரத்துல வடிய ஒரு வாய்க்கா எடுத்துட்டு அப்புறம் வெதைங்க.

என்னய கேட்டா பாசன வாய்க்கால விட வடிகால்தான் உங்க ஊருக்கு உசுரு. கடல் பக்கமா இருக்கறதால தண்ணி தானா வடியறதே மெதுவாத்தான், அதுல ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் அடச்சுக்கிட்டா மேல்மடை தண்ணியும் சேந்து உங்க வயல்லயே நின்னுடும். தூர்வாரணும்னு செப்டம்பர்லயே ஊரா சேந்து மனு குடுங்க, மழ ஆரம்பிச்சப்புறம் மெஷின் கரையில நிக்கக்கூட முடியாது.

அப்படியும் மூழ்கிட்டா, தண்ணிய வடிச்சதும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வெச்சிருந்து, காலைல 17 கிலோ பொட்டாஷ் சேத்து போடுங்க. வயல்ல தண்ணி நிக்கறப்போ மட்டும் போட்டுடாதீங்க, அம்புட்டும் வடிகாலோட போயிடும்.