வண்டி கேள்வி பதில்: எஸ்யூவியிடம் தோற்ற ஸ்போர்ட்ஸ் செடான்

கேள்வி: என்னுடையது ஸ்போர்ட்ஸ் செடான். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 200 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், முன்சக்கர டிரைவ். சிக்னலில் ஒரு ஹைபிரிட் எஸ்யூவி பக்கத்தில் வந்து நின்றது, பின்னால் குழந்தை சீட்டெல்லாம் மாட்டியிருந்தது. பச்சை விழுந்ததும் முழுசாக மிதித்தேன். 100ஐத் தொடுவதற்குள் அது மூன்று கார் நீளம் முன்னால் போய்விட்டது. என் இன்ஜினில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் இது உங்கள் கார் தோற்க வேண்டிய பந்தயம்தான்.

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் ரகத்து செடான், ஓட்டுகிறவரையும் சேர்த்தால் 1,400 கிலோ சொச்சம் வரும், அதாவது டன்னுக்கு 140 குதிரைத்திறன். எஸ்யூவி கனம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2021 மாடலாக வந்த டொயோட்டா ராவ்4 பிரைம் மாதிரி ஒரு பிளக்-இன் ஹைபிரிட்டை (வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றக்கூடிய ஹைபிரிட்) எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 1,900 கிலோ, இன்ஜினும் மோட்டார்களும் சேர்ந்து தருவது 302 குதிரைத்திறன். ஓட்டுநரோடு சேர்த்துக் கணக்குப் போட்டாலும் டன்னுக்கு 150ஐத் தாண்டுகிறது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 97 கி.மீ. (60 மைல்) எட்ட அதற்கு ஆறு நொடிகூட வேண்டாம். இதை யாரும் ஸ்போர்ட்ஸ் வண்டி என்று சொல்லி விற்கவில்லை, பெட்டி படுக்கையோடு குடும்பம் போகிற வண்டி.

ஆனாலும் டன்னுக்குப் பத்துப் பன்னிரண்டு குதிரை வித்தியாசத்தில் மூன்று கார் நீளம் வந்துவிடாது. மீதியில் பெரும்பகுதியை நீங்கள் முதல் இரண்டு நொடியில் இழந்திருக்கிறீர்கள்.

எப்படி என்றால், கார் முன்னால் பாயும்போது அதன் பாரம் பின்பக்கம் சாய்கிறது. அப்போது முன்சக்கரங்களின் மேலுள்ள அழுத்தம் குறைகிறது, உங்கள் காரில் தள்ளுகிற வேலை முழுவதும் அந்த இரண்டு சக்கரத்திடம்தான் இருக்கிறது! சோப்புத் தண்ணீர் கொட்டிய தரையில் நிற்கிற ஓட்டக்காரர் மாதிரிதான், கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பிடிமானம் எவ்வளவோ அவ்வளவுதான் வேகம். சாதாரண டயர், உலர்ந்த தார்ச்சாலை என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போட்டால் முன்சக்கர டிரைவ் கார் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைக்கூட எட்டாது, டயர் சுழன்றுவிடும் அல்லது அதைத் தடுப்பதற்கென்றே இருக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் குறுக்கே வந்து இன்ஜினை அடக்கிவிடும். நான்கு சக்கரமும் தள்ளுகிற வண்டிக்கு அந்த உச்சவரம்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதன் எடை முழுவதும் டயர்களைச் சாலையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது, அதாவது அந்தக் கனமே முதல் சில மீட்டரில் அதற்குப் பிடிமானமாக வேலை செய்கிறது.

அப்புறம் டர்போ, அதாவது வெளியேறும் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. சின்ன இன்ஜினில் பெரிய சக்தி எடுப்பதற்கான வழி அது, ஆனால் 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) வரும்வரை அதற்கு மூச்சு வராது. மின்மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, சக்கரம் அசைவதற்கு முன்பே முழு டார்க்கும் (சுழற்றும் விசை) தயாராக இருக்கும். நீங்கள் கிளட்சை விட்டு, டயர் சுழன்று, சமாளித்து, டர்போ விழித்துக்கொள்ளும் நேரத்தில் எஸ்யூவிக்காரர் பாட்டுக்கு ஒரு பெடலை மட்டும் அமுக்கிக்கொண்டிருக்கிறார்.

கியர் மாற்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற வேண்டும், பல கார்களில் 100ஐத் தொட மூன்றாவதும் வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாதாரண ஓட்டுநருக்கு அரை நொடி போகும், அந்த அரை நொடி கார் சும்மா உருள்கிறது. அதற்குள் எஸ்யூவி வேகம் ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் மூன்று கார் நீளம் கிடைத்துவிட்டதா?

இன்னொன்று, சிக்னலில் நீண்ட நேரம் நின்ற டர்போ கார் சூடாகிவிடும். உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் இல்லை, சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, அதோடு இன்ஜின் தட்டாமல் (எரிபொருள் கண்ட நேரத்தில் வெடிக்காமல்) இருக்க கம்ப்யூட்டரே தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி சக்தியைக் குறைத்துவிடும். அந்த நிமிடத்தில் உங்களிடம் 200 இருந்திருக்காது.

அவருக்கு அது பந்தயம் என்றே தெரிந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையைப் பள்ளியில் விட நேரமாகிவிட்டது என்று மிதித்திருக்கலாம்.

கேள்வி: ஒரே இன்ஜின், ஒரே குதிரைத்திறன் என்றால் கனமான எஸ்யூவி எப்படியும் தோற்றுத்தானே ஆக வேண்டும்?

பதில்: எவ்வளவு தூரத்துக்கு என்பதைப் பொறுத்தது. இதற்குப் புத்தகக் கணக்கு வேண்டாம், கடையில் விற்ற வண்டிகளே சாட்சி. டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட் செடானிலும் 2018 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி டிராக்ஹாக்கிலும் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8 இன்ஜின்தான், இரண்டுக்கும் 707 குதிரைத்திறன். ஜீப் ஏறக்குறைய 350 கிலோ அதிகம். ஆனால் செடானுக்குப் பின்சக்கரம் மட்டும் தள்ளும், ஜீப்புக்கு நான்கும். நின்ற நிலையிலிருந்து 97 கி.மீ. எட்ட ஜீப்புக்கு நிறுவனம் சொன்ன நேரம் 3.5 நொடி. சாதாரணச் சாலையில் செடான்காரர் முழுசாக மிதித்தால் நிறையப் புகை வரும், கார் அவ்வளவாக நகராது, அதற்குள் ஜீப் கிளம்பிப் போயிருக்கும். கால் மைல் (சுமார் 400 மீட்டர்) என்று பார்த்தால் கதை மாறுகிறது. நிறுவனக் கணக்கில் செடானுக்கு 11.0 நொடி, ஜீப்புக்கு 11.6, அதுவும் செடானின் நேரம் டயர் நன்றாகப் பிடிக்கிற டிராக்கில் எடுத்தது. உச்ச வேகத்திலும் செடான் 328 கி.மீ., ஜீப் 290. சிக்னல் பந்தயங்கள் பெரும்பாலும் 100 மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன, செடானின் முறை வருவதற்கு முன்பே ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

காற்றும் அப்படித்தான். எஸ்யூவி பெரிய சுவர் மாதிரி காற்றைத் தள்ளுகிறது என்பது சரி, ஆனால் 100 கி.மீ. வேகத்தில் அதனால் அதற்கு ஏற்படும் கூடுதல் செலவு ஐந்தாறு குதிரைத்திறன்தான். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக (வேகம் இரண்டு மடங்கானால் சக்தி 2×2×2 மடங்காக) ஏறுவதால் 200இல் அதே வித்தியாசம் எட்டு மடங்கு, நாற்பதுக்கும் மேல். தாழ்வான உருவத்துக்குப் பலன் அங்கேதான் தெரியும்.

கேள்வி: நின்று கிளம்பும்போது மட்டும் அல்ல, 80இல் ஓடிக்கொண்டிருக்கும்போது மிதித்தாலும் என் டர்போ செடான் எஸ்யூவிகளிடம் பின்தங்குகிறது. இங்கே டயர் சுழல்வதில்லையே?

பதில்: எந்தக் கியரில் இருந்தீர்கள் என்று எழுதவில்லை. ஆறாவதாக இருக்கும்!

80இல் ஆறாவது கியர் என்றால் இன்ஜின் 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் ஓடும். அங்கே அது 240 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தாலும், டார்க்கையும் சுழற்சியையும் பெருக்கிப் பார்த்தால் வருவது 67 குதிரைத்திறன்தான். விளம்பரத்தில் போட்ட 200 என்பது 6,000 பக்கத்தில் கிடைப்பது. ஆட்டோமேட்டிக் வண்டி நீங்கள் யோசிப்பதற்குள் இரண்டு மூன்று கியர் இறங்கி நல்ல இடத்துக்குப் போய்விடுகிறது. நீங்களும் மூன்றாவதற்கு இறக்கிவிட்டு மிதித்திருந்தால் ஒருவேளை கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது.

கேள்வி: சைலன்சர், ஏர் ஃபில்டர் மாற்றினால் இந்தக் குறை தீருமா?

பதில்: சத்தம் கூடும். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நல்ல டயர் வாங்குங்கள், பிடிமானம்தான் உங்கள் பிரச்சினை. இசியு ரீமேப் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) செய்தால் டர்போ காரில் சக்தி உண்மையாகவே ஏறும், ஆனால் முன்சக்கரம் ஏற்கெனவே இருப்பதையே சாலையில் இறக்க முடியாமல் தவிக்கிறது, இன்னும் கொடுத்தால் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். கிளட்சும் வாரண்டியும் தனிக் கவலை.

கேள்வி: நான் எஸ்யூவிக்காரன். ஸ்போர்ட்ஸ் கார்களைச் சிக்னலில் தோற்கடித்திருக்கிறேன். வளைவுச் சாலையிலும் முடியுமா?

பதில்: வேண்டாம். நேராக ஓடுவதற்கு உதவிய எதுவும் அங்கே உதவாது. உயரமான வண்டியின் பாரம் வளைவில் வெளிப்பக்க டயர்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், உள்பக்க டயர்கள் பிடியை விட்டுவிடும். 2021இல் போர்ஷே கயென் டர்போ ஜிடி எஸ்யூவி, ஜெர்மனியிலுள்ள நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் ஒரு சுற்றை 7 நிமிடம் 38.9 நொடியில் முடித்தது, நிஜம்தான். அதற்காக அதன் உயரத்தைக் குறைத்து, சஸ்பென்ஷனை இறுக்கி, செராமிக் பிரேக்கும் பந்தய ரக டயரும் போட்டார்கள், ஓட்டியவர் தொழில்முறை ஓட்டுநர். உங்கள் வண்டியில் இதெல்லாம் இருக்கிறதா?

நிறுத்துவதையும் யோசியுங்கள். 160இல் போகிற வண்டி உலர்ந்த சாலையில் முழு பிரேக்கில் நிற்கவே 125 மீட்டர் ஆகும், சுதாரிக்க ஒரு நொடி எடுத்தால் அதற்கு முன்பே 44 மீட்டர் ஓடியிருக்கும். எடை கூடக்கூட பிரேக் விழுங்க வேண்டிய வெப்பமும் கூடும், இரண்டாவது மூன்றாவது முறை அமுக்கும்போது அது பழையபடி பிடிக்கும் என்று நம்பாதீர்கள். பொதுச்சாலையில் பந்தயம் விடுவது அநேகமாக எல்லா நாட்டிலும் குற்றம், குறுக்கே நடந்து வருகிறவர் பந்தயத்தில் சேர ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் மூடிய டிராக்குக்குப் போய்த் தீர்த்துக்கொள்ளலாம்.

போனால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கையில் ஒரு சீட்டுத் தருவார்கள். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: முதல் 60 அடிக்கு எடுத்த நேரம், கோட்டைத் தாண்டும்போது இருந்த வேகம். செடான்காரரின் 60 அடி நேரம் மோசமாகவும் கடைசி வேகம் எஸ்யூவியைவிட அதிகமாகவும் இருந்தால் இன்ஜின் தன் வேலையைச் செய்துவிட்டது, கிளம்பும்போதுதான் விட்டிருக்கிறார். 60 அடி நேரமும் மோசம், கடைசி வேகமும் குறைவு என்றால் எஸ்யூவி நிஜமாகவே வேகமான வண்டி.