பதில்: 14 பேர் இருந்தும் மொழிபெயர்ப்பு நகரவில்லை

வணக்கம். உங்கள் மென்பொருள் மொழிபெயர்ப்புத் தன்னார்வலர் குழுவில் 14 பேர், வேலை செய்வது இரண்டே பேர், அவர்களும் ஒரே கோப்பைத் தனித்தனியாக மொழிபெயர்த்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது ஆள் பஞ்சம் இல்லை. யார் கையில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸ் கணினிகளுக்கான திரை இடைமுகத்தை உருவாக்கும் க்னோம் திட்டத்தில் இதற்கென்றே 'டேம்ன்ட் லைஸ்' என்ற தளம் வைத்திருக்கிறார்கள் (புள்ளிவிவரங்களைப் பற்றிய பழைய கிண்டலில் இருந்து வந்த பெயர்). ஒருவர் ஒரு கோப்பை எடுத்தவுடன் அது அவர் பெயரில் பதிவாகிவிடும். அவர் முடித்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். மென்பொருளின் மூலக் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில் அதைச் சேர்ப்பதற்குத் தனி உரிமை வேண்டும்.

உங்களுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஒரு பொது விரிதாள் போதும்: கோப்பு, எடுத்தவர், தேதி. இரண்டு வாரம் அசைவில்லை என்றால் பெயர் நீக்கப்படும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தன்னார்வலருக்குத் தேர்வு வரும், கல்யாணம் வரும், புது வேலை வரும். முன்பே சொன்ன விதி என்றால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

அப்புறம், புதிதாக வருபவரிடம் 300 வரிக் கோப்பை நீட்டாதீர்கள். 20 வரி கொடுங்கள், இரண்டு நாளில் பார்த்துப் பதில் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, பதில் வராமல்தான் பலர் போய்விடுகிறார்கள்.

'ஃபோல்டர்' என்பதற்குத் தமிழில் அடைவா கோப்புறையா என்ற சண்டையை வாட்ஸ்அப்பில் நடத்தவே வேண்டாம். சொற்பட்டியல் ஒன்று, அதற்குப் பொறுப்பாக ஒரே ஒருவர். அவர் சொன்னது அடுத்த வெளியீடு வரை செல்லும்.